ஒளி மறக்காத பாதை... சி.வி.ராமனின் மருமான் பஞ்சரத்தினத்தின் 35 வருஷக் கதை!

வீட்டில் போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரின் எல்.சி.டி. திரைக்கு முன்னால் உட்கார்ந்து தலையை மெதுவாக ஒரு பக்கமாகச் சாயுங்கள். திரை கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். ஏதோ ஒரு கோணத்தில் கிட்டத்தட்ட இருண்டே போகும். பயப்படாதீங்க, திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து வரும் ஒளி ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் அதிர்ந்தபடி வருகிறது. நீங்கள் தலையைச் சாய்த்ததும் கண்ணாடி அந்தத் திசையை உள்ளே விட மறுக்கிறது. பிளஸ் டூ இயற்பியலில் தளவிளைவு என்று ரெண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்த சமாச்சாரம்தான் இது.

அந்த ரெண்டு மார்க் சமாச்சாரத்துக்குள் அதுவரை யாரும் கவனிக்காத ஒன்றை 1956-ல் ஒருவர் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 22. இடம், பெங்களூரில் உள்ள ராமன் ஆராய்ச்சி நிலையம். பெயர், சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம். ஒளி ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பினாலும், சுற்றி வந்த பாதையின் வடிவத்தைத் தன்னோடு சுமந்துகொண்டு வருகிறது என்பதே அவர் கண்டது. இன்று குவாண்டம் இயற்பியல் படிக்கிற மாணவர்கள் உலகம் முழுக்க அவர் பெயரைச் சொல்லிப் படிக்கிறார்கள். ஆனால், அது எதையும் அவர் பார்க்கவில்லை. 35 வயதில், 1969-ல், ஆக்ஸ்ஃபோர்டில் இறந்துபோனார். உலகம் அவரைத் திரும்பிப் பார்க்க அதன் பிறகு இன்னும் 17 வருஷம் ஆயிற்று.

மாமா வீட்டுப் பிள்ளைகள்

பஞ்சரத்தினம் பிறந்தது 1934 பிப்ரவரி 9 அன்று, கல்கத்தாவில். அம்மா சீதாலட்சுமி, சர் சி.வி.ராமனின் உடன்பிறந்தவர். ஆக, நோபல் பரிசு வாங்கிய ராமன் இவருக்குச் சொந்தத் தாய்மாமன். திருவானைக்காவலில் பிறந்து, சென்னையில் படித்து, கல்கத்தாவில் புகழ்பெற்ற ராமன், 1933-ல்தான் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகப் போயிருந்தார். மாமா ஊரைவிட்டுக் கிளம்பிய மறு வருஷம் மருமான் பிறந்தார். அதே 1934-ல் பெங்களூரில் ராமன் இந்திய அறிவியல் கழகத்தைத் தொடங்கினார். அந்தக் கழகம் வெளியிட்ட ஆய்விதழில்தான் 20 வருஷம் கழித்து மருமானின் கட்டுரைகள் வரிசையாக வரப்போகின்றன.

அண்ணன்களையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் கதையே அவர்கள் கையில்தான் இருக்கிறது. மூத்தவர் ராமசேஷன், பஞ்சரத்தினத்தைவிட பத்து வயதுக்கும் மேல் பெரியவர், படிகவியல் நிபுணர். பின்னாளில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானவர். அடுத்தவர் சந்திரசேகர், திரவப் படிக ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் வாங்கிய சுப்ரமணியன் சந்திரசேகரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் ராமனின் அண்ணன் மகன், இவர் சகோதரி மகன். ஒரே குடும்பத்தில் ரெண்டு சந்திரசேகர், ரெண்டு பேருமே இயற்பியல். பத்திரிகைக்காரர்கள் இன்றுவரை போட்டோவை மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று பேருமே மாமாவிடம் ஆராய்ச்சி பழகியவர்கள். ராமன் 1948-ல் தன் பெயரிலேயே ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருந்தார். அரசாங்க மானியம் என்றாலே முகம் சுளிப்பவர் என்பதால், பணம் தண்ணீராய் ஓடுகிற இடமாக அது இருக்கவில்லை. ஆனால், கற்கள் இருந்தன. ரத்தினக் கற்கள், தாதுக்கள், படிகங்கள் என்று ராமன் ஊர் ஊராகச் சேர்த்துவைத்த குவியல். வைரம் ஏன் மின்னுகிறது, ஓபல் ஏன் நிறம் மாறுகிறது என்று அந்த வயதிலும் சின்னப் பையனைப் போல ஆர்வம் குறையாதவர் மாமா. அவருடைய நிழலில் 1950-களின் தொடக்கத்தில், இருபதை ஒட்டிய வயதில் பஞ்சரத்தினம் வந்து சேர்ந்தார்.

மாமா தயவில் உள்ளே வந்த பையன் என்று யாராவது முணுமுணுத்திருந்தால், அதற்கான பதில் 1954 முதல் அச்சில் வர ஆரம்பித்தது. முதலில் அமெதிஸ்ட் கல். பிறகு ஐயோலைட். இந்த ஐயோலைட்டை ஒரு பக்கமாகப் பார்த்தால் நீலமும் ஊதாவும் கலந்திருக்கும், திருப்பிப் பார்த்தால் வெளிறிப் போய்விடும். அதற்குள் சில குறிப்பிட்ட திசைகளில் ஒளி விசித்திரமாக நடந்துகொள்ளும் என்று ஜெர்மனியின் வோய்ட் முன்பே தொட்டு வைத்திருந்தார். அந்த முடிச்சை முழுசாக அவிழ்த்தவர் பஞ்சரத்தினம்.

1955-ல் இன்னொரு வேலை. ஒளியின் அதிர்வுத் திசையை மாற்றுகிற படிகத் தகடுகளில் ஒரு தொல்லை உண்டு. சிவப்புக்குச் சரியாக வேலை செய்தால் நீலத்துக்குச் சொதப்பும். ஒரே பொருளால் ஆன மூன்று தகடுகளைச் சரியான கோணங்களில் அடுக்கினால் பல நிறங்களுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவைக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தொலைநோக்கியில் நட்சத்திர ஒளியின் தளவிளைவை அளக்கிற வானியலாளர்கள் இன்றைக்கும் இந்த அடுக்கைப் பயன்படுத்துகிறார்கள். 21 வயதில் செய்த வேலை!

கிள்ளை போய்த் திரும்பினால் என்ன கணக்கு?

இனி அந்த 1956 விஷயம். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், நம்ம ஊர்க் கணக்கிலேயே.

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி ஒவ்வொரு மாசி மகத்துக்கும் கிள்ளைக்குப் போவார். கடலில் தீர்த்தவாரி. அங்கே இஸ்லாமிய மக்களும் மரியாதை செய்து வரவேற்பது கடலூர் மாவட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சேதி. எல்லாம் முடிந்து சுவாமி மறுபடி ஸ்ரீமுஷ்ணம் வந்து சேர்வார். மேப்பில் பார்த்தால் புறப்பட்ட புள்ளியும் வந்து சேர்ந்த புள்ளியும் ஒன்றுதான். அதற்காக ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? கூடவே போய்வந்தவர்களின் கால் வலியைக் கேட்டால் தெரியும், எத்தனை தூரம் என்று.

ஒளிக்கும் இந்தக் கால் வலி உண்டு. கடந்து வந்த தூரத்துக்கு ஏற்ப அதன் அலை முன்னோ பின்னோ தள்ளிப்போகும். அலை எந்த இடத்தில் ஏறுகிறது, எந்த இடத்தில் இறங்குகிறது என்பதைத்தான் இயற்பியலில் கட்டம் என்கிறார்கள். தூரத்தால் கட்டம் மாறும் என்பது பழைய செய்தி. எல்லோருக்கும் தெரியும். பஞ்சரத்தினம் கண்டது இன்னொரு வகை மாற்றம். தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சுற்றி வந்த பாதை என்ன வடிவத்தில் இருந்தது என்பது மட்டுமே அதில் பதிவாகிறது.

அது எப்படி? ஸ்ரீமுஷ்ணத்து வராகர் கடலிலிருந்து தூக்கி வந்ததாகப் புராணம் சொல்கிற அதே பூமி உருண்டையை எடுத்துக்கொள்வோம். கன்னியாகுமரிக்கு நேர் தெற்கே, நிலநடுக்கோட்டில் நிற்கிறீர்கள். கையில் ஒரு கம்பு, வடக்கைப் பார்த்து. ஒரே நிபந்தனை, எந்த இடத்திலும் நீங்களாகக் கம்பைத் திருப்பக் கூடாது. நேராக வட துருவம் வரை நடங்கள். அங்கிருந்து வலது கைப் பக்கமாகக் கீழே இறங்குங்கள். உடம்பு திரும்பும், கம்பு திரும்பாது. பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டைத் தொடுவீர்கள். கம்பு இப்போது கிழக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு, நிலநடுக்கோட்டின் மேலேயே மேற்கு நோக்கி நடந்து பழைய இடத்துக்கு வாருங்கள். கிளம்பும்போது வடக்கைப் பார்த்த கம்பு இப்போது கிழக்கைப் பார்க்கிறது. எங்கேயும் திருப்பவில்லை, ஆனால் 90 டிகிரி திரும்பியிருக்கிறது!

யார் திருப்பியது? உருண்டையின் வளைவு. நீங்கள் சுற்றி வளைத்த பரப்பு எவ்வளவோ அவ்வளவு திருப்பம். மேலே போட்ட சுற்று பூமியின் எட்டில் ஒரு பங்கு, அதனால் 90 டிகிரி. போன வழியிலேயே திரும்பினால் சுற்றிய பரப்பு பூஜ்யம், கம்பும் திரும்பாது. கிள்ளைக்கு ஒரு வழியில் போய் வேறு வழியில் வந்தால்கூட, பூமியோடு ஒப்பிட்டால் அந்தப் பரப்பு ஒன்றுமே இல்லை.

ஒளிக்கும் இப்படி ஓர் உருண்டை உண்டு. நிஜ உருண்டை இல்லை, கணக்குக்காக வரைந்துகொள்வது. 1892-ல் பிரெஞ்சு கணித மேதை பொவாங்கரே வகுத்தது. ஒளி நேர்கோட்டில் அதிரலாம், வட்டமாகச் சுழன்று அதிரலாம், முட்டை வடிவத்திலும் அதிரலாம். நேர்கோட்டு அதிர்வுகள் எல்லாம் அந்த உருண்டையின் நடுக்கோட்டில், வட்ட அதிர்வுகள் ரெண்டும் துருவங்களில், முட்டை வடிவங்கள் இடையில். ஒளியை வரிசையாகச் சில தகடுகள் வழியாக அனுப்பி அதன் அதிர்வை மாற்றிக்கொண்டே போனால், இந்த உருண்டையின் மேல் ஒரு பயணம் போவதாக அர்த்தம். பஞ்சரத்தினம் இந்த உருண்டையை மற்றவர்கள் வாய்ப்பாடு சொல்வது போலக் கையாண்டவர்.

அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. வெவ்வேறு விதமாக அதிர்கிற ரெண்டு ஒளிக்கற்றைகள் ஒத்த கட்டத்தில் இருக்கின்றன என்று எதை வைத்துச் சொல்வது? ஒரே மாதிரி அதிர்ந்தால் ஏறுமுகத்தோடு ஏறுமுகம் சேர்கிறதா என்று பார்த்துவிடலாம். ஒன்று நேராகவும் இன்னொன்று சுழன்றும் அதிர்ந்தால்? பஞ்சரத்தினம் ஒரு விதி வைத்தார். ரெண்டையும் சேர்த்துப் பாருங்கள், எப்போது வெளிச்சம் அதிகபட்சமாகிறதோ அப்போது அவை ஒத்த கட்டத்தில் இருக்கின்றன. யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள் என்று தோன்றும் அளவுக்கு நியாயமான விதி.

அந்த விதிக்குள்தான் ஆச்சர்யம் இருந்தது. சேத்தியாத்தோப்பு கடிகாரத்தை ஸ்ரீமுஷ்ணம் கடிகாரத்தோடு சரிபார்க்கிறோம், பொருந்துகிறது. சிதம்பரம் கடிகாரத்தை சேத்தியாத்தோப்போடு சரிபார்க்கிறோம், அதுவும் பொருந்துகிறது. அப்படியானால் சிதம்பரமும் ஸ்ரீமுஷ்ணமும் ஒத்துப்போகத்தானே வேண்டும்? கடிகாரத்தில் ஒத்துப்போகும். ஒளியில் போகாது. முதல் கற்றையோடு இரண்டாவது, இரண்டாவதோடு மூன்றாவது ஒத்த கட்டத்தில் இருந்தாலும், மூன்றாவதும் முதலாவதும் விலகி நிற்கலாம். எவ்வளவு விலகும் என்பதையும் அவர் சொன்னார். உருண்டையின் மேல் அந்த மூன்று புள்ளிகளும் சேர்ந்து அமைக்கும் முக்கோணம், மையத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு திண்மக் கோணத்தை அடைத்துக்கொள்கிறதோ, அதில் சரிபாதி. உருண்டையின் எட்டில் ஒரு பங்கை அடைக்கிற முக்கோணம் என்றால் விலகல் 45 டிகிரி, அதாவது ஒரு முழு அலையில் எட்டில் ஒரு பங்கு. அளந்து பார்க்கக்கூடிய, நிஜமான விலகல்.

அச்சில் வந்தது, ஆனால்...

கட்டுரை 1956-ல் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்தது. தலைப்பில் பகட்டே இல்லை. குறுக்கீட்டு விளைவுக்கு ஒரு பொதுக் கோட்பாடு, அதன் பயன்கள் என்ற அளவில்தான். உலகம் கண்டுகொள்ளவில்லை. இந்திய இதழை வெளிநாட்டில் யார் படித்தார்கள் என்று வழக்கமாக ஒரு காரணம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால், அது மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தியாவில் அதே இதழை மேசையில் வைத்துப் படித்தவர்களும்தான் கடந்து போனார்கள். படிக ஒளியியல் என்பது அந்தக் காலத்திலேயே பழைய தாத்தா சப்ஜெக்ட். அணுக்கரு, துகள் என்று இளைஞர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, கல்லுக்குள் வெளிச்சம் எப்படிப் போகிறது என்று எழுதியவரை யார் நின்று படிப்பார்கள்? அந்தக் கணக்கு எந்தக் கேள்விக்கான பதில் என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது. கேள்வியே இன்னும் பிறக்கவில்லை.

அங்கீகாரம் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. 25 வயதிலேயே இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்வானார். 1961-லிருந்து மைசூர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். அண்ணன் சந்திரசேகர் அங்கே இயற்பியல் துறையின் தலைவர். 1964-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கிளம்பினார். அங்கே கிளாரண்டன் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் சீரிஸ் என்பவரோடு சேர்ந்து, ஒளி அணுக்களை எப்படி ஒழுங்குபடுத்துகிறது, அணுக்கள் ஒளியை எப்படித் திருப்புகின்றன என்ற குவாண்டம் ஆராய்ச்சியில் இறங்கினார். செயின்ட் கேத்தரின்ஸ் கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். ஐயோலைட் கல்லில் தொடங்கியவர் தனி அணுவுக்கு வந்துவிட்டிருந்தார். இன்னும் 10 வருஷம் கிடைத்திருந்தால் தன் 1956 கணக்கை அவரே குவாண்டம் பக்கம் கொண்டுபோயிருப்பாரோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

10 வருஷம் கிடைக்கவில்லை. 1969 மே 28 அன்று இறந்தார். மருமானை வளர்த்துவிட்ட ராமன் அப்போது உயிரோடு இருந்தார், 80 வயது. மாமா காலமானது அடுத்த வருஷம், 1970 நவம்பரில்.

ஜார்ஜ் சீரிஸ் செய்த ஒரு நல்ல காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். பஞ்சரத்தினத்தின் கட்டுரைகள் அத்தனையையும் தொகுத்து 1975-ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் மூலம் ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தார். இறந்துபோன இளம் சக ஆய்வாளருக்காக இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள் குறைவு. புத்தகம் நூலக அலமாரிகளில் போய் உட்கார்ந்தது. இன்னும் 11 வருஷம் அங்கேயே இருந்தது.

மெதுவடையும் மறைந்திருக்கும் சீட்டும்

இதே காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. டேவிட் போம் என்ற அமெரிக்க இயற்பியலாளர், சொந்த நாட்டின் அரசியல் கெடுபிடியால் பிரேசில், இஸ்ரேல் என்று அலைந்து 1957-ல் அங்கே வந்து சேர்ந்திருந்தார். ஜே.கிருஷ்ணமூர்த்தியோடு பல ஆண்டுகள் உரையாடியவர் என்ற வகையில் நம்மில் சிலருக்கு இவரைத் தெரிந்திருக்கும். குவாண்டம் கோட்பாடு எதற்கும் உறுதியான பதில் தராது, வாய்ப்பை மட்டும் சொல்லும். ஒவ்வொரு துகளும் நமக்குத் தெரியாத ஒரு சீட்டைக் கையில் மடித்து வைத்திருக்கிறது, அதில் எல்லாம் எழுதியிருக்கிறது என்று ஏன் இருக்கக் கூடாது? அப்படி ஒரு கோட்பாட்டை 1952-ல் போம் முழுசாகவே எழுதிக் காட்டினார். மறை மாறிகள் என்று அந்தச் சீட்டுக்குப் பெயர்.

1959-ல் அதே போம், தன் மாணவர் அஹரனோவோடு சேர்ந்து இன்னொரு குண்டைப் போட்டார். காந்தப்புலத்தை ஒரு கம்பிச்சுருளுக்குள் அடைத்துவிடுங்கள், வெளியே துளியும் கசியக் கூடாது. எலக்ட்ரான் அந்தச் சுருளைத் தொடாமல் இரு பக்கமும் சுற்றிப் போகிறது. புலத்தை அது தொடவே இல்லை. ஆனாலும் அதன் கட்டம் மாறுகிறது! மெதுவடையின் ஓட்டையைச் சுற்றி எறும்பு நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எறும்பு ஓட்டைக்குள் இறங்கவில்லை, ஆனால் ஓட்டையைச் சுற்றி வந்ததா இல்லையா என்பது முக்கியம். இட்லியில் ஓட்டை இல்லை, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நீட்டினாலும் வளைத்தாலும் மாறாத இந்த வகை விஷயங்களை ஆராய்கிற கணிதத்துக்குத்தான் டோபாலஜி என்று பெயர். அதை 1895-ல் ஒரு தனித் துறையாக நிறுத்தியவர் யார் தெரியுமா? நம்ம உருண்டைக்காரர், பொவாங்கரே.

1984. மறுபடி பிரிஸ்டல். மைக்கேல் பெர்ரி என்ற இயற்பியலாளர் ஒரு பொது உண்மையை எழுதினார். எந்தக் குவாண்டம் அமைப்பையும் மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தால், தூரத்தாலோ நேரத்தாலோ வராத, பாதையின் வடிவத்தால் மட்டும் வருகிற ஒரு கட்டம் மிஞ்சும். அஹரனோவ் - போம் விளைவும் அதில் ஒரு வகையாக அடங்கியது. பாரி சைமன் என்ற கணித அறிஞர் இதன் டோபாலஜி முகத்தை உடனே எடுத்துக் காட்டினார். இயற்பியல் உலகம் பரபரத்தது. பெர்ரி கட்டம் என்று பெயரும் வந்துவிட்டது.

பெங்களூரில் அந்தக் கட்டுரையைப் படித்த ரெண்டு பேருக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. ஒருவர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் ராஜாராம் நித்தியானந்தா. இன்னொருவர், இறந்துபோனவரின் மூத்த அண்ணன், ராமசேஷன். இது தம்பி 1956-லேயே போட்ட கணக்காயிற்றே! ரெண்டு பேரும் சேர்ந்து 1986-ல் கரன்ட் சயின்ஸ் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். தளவிளைவுற்ற ஒளியின் குறுக்கீடுதான் பெர்ரி கட்டத்துக்கு முற்கால உதாரணம் என்று காட்டினார்கள். அண்ணனுக்கு அப்போது 62, 63 வயது. தம்பிக்காக வாதாடுகிறார் என்று யாரும் சொல்ல முடியாதபடி, பாசத்தை ஓரமாக வைத்துவிட்டு, இயற்பியலை மட்டும் பேசிய கட்டுரை அது.

பெர்ரி என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சப்தம் போடாமல் இருந்திருக்கலாம். அடிக்குறிப்பில் ஒரு வரி போட்டு முடித்திருக்கலாம். அவரோ 1987-ல் தனிக் கட்டுரையே எழுதினார், தலைப்பிலேயே பஞ்சரத்தினத்தின் பெயரை வைத்து. பஞ்சரத்தினம் என்ன செய்தார், அது குவாண்டம் மொழியில் என்ன என்று வரி வரியாக விளக்கினார். தன் கணக்கில் மெதுவாகச் சுற்ற வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததையும், பஞ்சரத்தினத்தின் முறைக்கு அது தேவைப்படாததையும் உலகம் அப்போது கவனித்தது. 1988-ல் ராமன் நிலையத்தைச் சேர்ந்த ஜோசப் சாமுவேலும் ராஜேந்திர பண்டாரியும் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு, சுற்று முழுமையடையாவிட்டாலும் செல்லுபடியாகும் ஒரு பொதுக் கோட்பாட்டையே கட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட அஸ்திவாரம், 22 வயதுக்காரர் வைத்த அந்த எளிய விதி. எப்போது வெளிச்சம் அதிகபட்சமோ அப்போது ஒத்த கட்டம்.

சரி, மறைந்திருக்கும் சீட்டு என்ன ஆயிற்று? போம் எழுதியதைப் படித்துத் தூண்டப்பட்ட ஜான் பெல், 1964-ல் அதற்கு ஒரு பரிசோதனை வகுத்தார். பஞ்சரத்தினம் ஆக்ஸ்ஃபோர்டு போன அதே வருஷம். 1972-ல் கிளாசரும் ஃப்ரீட்மனும், 1982-ல் ஆஸ்பேவும் அதைச் செய்து பார்த்தார்கள். எதை வைத்து? ஜோடி ஜோடியாக வெளிவரும் ஒளித்துகள்களின் தளவிளைவை வைத்து. நம்ம கூலிங் கிளாஸ் வித்தையின் பெரியண்ணன். அப்படி ஒரு சீட்டு இருந்தாலும், அது அந்தந்தத் துகளிடம் மட்டும் எழுதிவைக்கப்பட்ட சீட்டாக இருக்க முடியாது என்று முடிவு வந்தது. 2022-ல் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் இதற்காக நோபல்.

பஞ்சரத்தினத்தின் கணக்கு இந்த வழக்குக்குத் தீர்ப்பு சொல்லவில்லை, அதைச் சேர்த்துக் குழப்பக் கூடாது. ஆனால், ஓர் உறவு இருக்கிறது. ஒவ்வொரு தளவிளைவு நிலைக்கும் உன் கட்டம் இது என்று ஒரு சீட்டை எழுதி ஒட்டிவிட முடியுமா என்று பாருங்கள். முதல் நிலைக்கு ஒட்டலாம், அதை வைத்து இரண்டாவதுக்கு, அதை வைத்து மூன்றாவதுக்கு. சுற்றி முதலாவதுக்கு வரும்போது ஏற்கெனவே ஒட்டிய சீட்டோடு முட்டும். எல்லா ஜோடிகளுக்கும் பொருந்துகிற சீட்டு வரிசையே கிடையாது. ஒரு நிலையின் கட்டம் அதனிடம் தனியாக இல்லை, இன்னொன்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான் இருக்கிறது. குவாண்டம் கோட்பாட்டின் அடித்தளத்தைப் பற்றி இன்று நடக்கும் பேச்சுகளில் இந்தக் குணம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. குவாண்டம் கணினியில் ஒரு க்யூபிட்டை வரைய அவர்கள் போடும் உருண்டையும் பொவாங்கரே உருண்டையின் அசல் உறவுதான்.

லைஃப்ஸ்டைல் பக்கத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். கண்ணாடிகளின் கனத்தைக் குறைக்க, கனமான கண்ணாடி லென்ஸுக்குப் பதில் தாளைப் போல மெல்லிய தட்டை லென்ஸ்களை ஆய்வுக்கூடங்கள் செய்துவருகின்றன. சாதாரண லென்ஸ் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து, ஒளி கடக்கும் தூரத்தை மாற்றித்தான் வேலை செய்யும். கால் வலி முறை. தட்டை லென்ஸ் எல்லா இடத்திலும் ஒரே தடிமன். உள்ளே மூலக்கூறுகள் இடத்துக்கு இடம் வெவ்வேறு கோணத்தில் படுத்திருக்கும், அவ்வளவுதான். ஒளி அந்த உருண்டையின் மேல் இடத்துக்கு ஏற்ற வெவ்வேறு வழிகளில் பயணம் போய், வெவ்வேறு கட்டத்தோடு வெளியே வந்து, ஒரு புள்ளியில் குவியும். பஞ்சரத்தினம் - பெர்ரி லென்ஸ் என்றே அதற்குப் பெயர். அதைப் பெரும்பாலும் எதனால் செய்கிறார்கள் தெரியுமா? திரவப் படிகத்தால். நடு அண்ணன் சந்திரசேகர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தாரே, அதே திரவப் படிகம். 1977-ல் அவரும் சகாக்களும் பெங்களூரில் கண்டுபிடித்த தட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிக வகை, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் எல்.சி.டி. திரை மங்காமல் தெரிவதற்கான மெல்லிய படலங்களில் பயன்பட்டது.

தம்பியின் அந்த 1956 கட்டுரை இப்போது இந்திய அறிவியல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மொத்தம் 16 பக்கம்.